வாழ்க்கை வரலாறு எல்லாமே ஒரே கதையா? மாணவர் வாசகர் வட்டத்துக்கு எதைக் கொடுப்பது?

2024 பெப்ரவரி 2. பதுளைப் பக்கத்து டீச்சர் ஒருவரின் கேள்வி

தரம் 10 முதல் 12 வரையான பிள்ளைகளுக்கு ஒரு வாசகர் வட்டம் நடத்துகிறேன். இந்தத் தவணை முழுக்க வாழ்க்கை வரலாறு, சுயசரிதை, நாட்குறிப்பு என்று முடிவெடுத்தோம். மூன்று புத்தகம் முடிவதற்குள் பிள்ளைகளுக்குச் சலித்துவிட்டது. ஏழையாகப் பிறந்தார், கஷ்டப்பட்டுப் படித்தார், பெரிய ஆளானார். போன கிழமை ஒரு பையன் எழுந்து, "டீச்சர், பேரை மட்டும் மாத்தினா போதும், புத்தகம் ஒண்ணுதான்" என்றான். நாவலுக்கே திரும்பிவிடலாமா?

பெப்ரவரி 4, ஞாயிறு காலை

திரும்ப வேண்டாம் டீச்சர். அந்தப் பையனையும் விட்டுவிடாதீர்கள், உங்கள் வட்டத்தில் ஒழுங்காக வாசித்தவன் அவன்தான். பிள்ளைகளுக்கென்று சுருக்கி எழுதிய வாழ்க்கை வரலாறுகளில் பாதிக்கு மேல் அவன் சொன்ன மாதிரித்தான் இருக்கின்றன. கடைசிப் பக்கத்தில் படிப்பினை, அதற்காகவே முன்னால் ஒரு வாழ்க்கை. அதை வாசித்துவிட்டு "நீ என்ன கற்றுக்கொண்டாய்" என்று கேட்டால் பிள்ளை என்னதான் சொல்லும்? விடாமுயற்சி என்று சொல்லும். நாமும் சரி என்று சொல்லி உட்கார வைப்போம்.

ஹட்டன் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வட்டம் வைத்திருக்கிறேன், கோயில் மண்டபத்தில்தான். எங்களுக்கும் இதே சலிப்பு வந்தது. அப்புறம் ஒரே ஒரு விஷயத்தை மாற்றினோம். ஒரு வாழ்க்கையை ஒரு புத்தகத்தில் வாசிப்பதை நிறுத்தினோம். அதே ஆள், அதே காலம், ஆனால் இரண்டு வேறு தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிப்பது.

நல்ல சோடி ஒன்று சொல்கிறேன். லெனார்ட் வுல்ப். 1904 கடைசியில் கொழும்பில் வந்து இறங்கிய வெள்ளைக்கார இளைஞர், கையோடு பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேரின் 90 தொகுதிகளும் ஒரு நாயும். யாழ்ப்பாணம், கண்டி, அம்பாந்தோட்டை என்று வேலை பார்த்து 1911இல் ஊர் திரும்பினார். அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தபோது தினமும் உத்தியோக நாட்குறிப்பு எழுத வேண்டும், அது மேலதிகாரிகளுக்குப் போகும். அந்த நாட்குறிப்புகள் பின்னால் அச்சில் வந்தன. உப்பு எவ்வளவு அள்ளினார்கள், மாடுகளுக்கு வெக்கை நோய் எந்தக் கிராமம் வரை வந்துவிட்டது, எந்த ரோடு உடைந்து கிடக்கிறது. கறாரான, கெட்டிக்கார உத்தியோகத்தர் ஒருவர் அதில் தெரிகிறார். அரை நூற்றாண்டு கழித்து 1961இல் அதே வருடங்களைப் பற்றி 'குரோயிங்' என்ற சுயசரிதையை எழுதுகிறார். அதில் வருபவர், இன்னொரு மக்களை ஆள்வதற்கு எங்களுக்கு என்ன உரிமை என்று கேட்கத் தொடங்கிவிட்டவர். ஆள் ஒன்றுதான், வருடமும் ஒன்றுதான். இதில் எந்த வுல்ப் நிஜம் என்று கேட்டேன், மண்டபம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. மத்தியானச் சோற்றுக்குப் போகச் சொல்லியும் போகவில்லை.

பெப்ரவரி 4, இரவு

வுல்ப் எழுதியது ஆங்கிலம், அது பிள்ளைகளுக்குத் தடையாகாதா என்று கேட்டிருந்தீர்கள். புத்தகம் முழுதும் வேண்டாம். நாட்குறிப்பில் இரண்டு பக்கம், சுயசரிதையில் இரண்டு பக்கம் போட்டோ கொப்பி எடுத்து, நான் வாய்வழியாகத் தமிழில் சொல்லச் சொல்ல அவர்கள் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். கண்டியில் வேலை பார்த்தபோது போகம்பரைச் சிறையில் தூக்குத் தண்டனைகளின்போது அவர் நிற்க வேண்டியிருந்ததைச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கண்டி டவுனுக்குப் போகிற எந்தப் பிள்ளைக்கும் அந்தச் சிறை மதில் தெரியும். அந்தப் பக்கத்தை வாசிக்கும்போது ஒருவரும் யன்னல் பக்கம் பார்க்கவில்லை.

பெப்ரவரி 9

வேறொருவர் எழுதியிருக்கிறார், பிள்ளைகளுக்கு நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்த யூதச் சிறுமி ஆன் பிராங்கின் நாட்குறிப்பைக் கொடுங்கள், அதுதான் அவர்கள் வயது, வுல்ப் எல்லாம் வயதானவர்களுக்கு என்று. எனக்கும் முதலில் அந்த எண்ணம்தான் இருந்தது. இப்போது யோசித்தால், ஆன் பிராங்கை நாங்கள் இரண்டாவதாக எடுத்தது நல்லதாகப் போயிற்று என்று படுகிறது. முதலில் எடுத்திருந்தால் அழுதுவிட்டு மூடி வைத்திருப்போம்.

1942 ஜூன் 12, அவளுடைய 13ஆவது பிறந்தநாளில் நாட்குறிப்பு கையில் வருகிறது. கடைசிப் பதிவு 1944 ஆகஸ்ட் 1. மூன்று நாளில் பிடித்துக்கொண்டு போகிறார்கள். இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் 1944 மார்ச் மாதம் வானொலியில் ஒரு நெதர்லாந்து அமைச்சர், யுத்த கால நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் பத்திரமாக வைத்திருங்கள் என்று பேசியதைக் கேட்டு, அவள் தன் நாட்குறிப்பைத் தானே உட்கார்ந்து திருத்தி எழுதத் தொடங்கினாள் என்பது எங்கள் பிள்ளைகளில் யாருக்கும் தெரியாது. சிலதை வெட்டினாள், சிலதைச் சேர்த்தாள், ஆட்களுக்கு வேறு பெயர் வைத்தாள். அவள் போன பிறகு தகப்பன் இரண்டையும் வைத்து ஒன்றாக்கித்தான் 1947இல் புத்தகம் வந்தது. அதைச் சொன்னதும் ஒரு பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப நாங்க வாசிச்சது அவ மனசுல இருந்தது இல்லையா சேர்?" என்றாள். பக்கத்தில் இருந்தவள் பதில் சொன்னாள்: "அவ எழுத்தாளரா வரணும்னு ஆசைப்பட்டவ. திருத்தினதும் அவ மனசுதான்." நான் ஒன்றும் சேர்க்கவில்லை. அதைவிட நன்றாக எனக்குச் சொல்ல வராது.

இன்னொன்று. அந்த மறைவிடத்தில் எட்டுப் பேர் என்று வந்த இடத்தில் தரம் 10 பையன் ஒருவன், "எங்க காம்பராவிலயும் எட்டுப் பேர்தான் சேர். ஆனா நாங்க சத்தம் போடலாம்" என்றான். எல்லோரும் சிரித்தோம், அவனும் சிரித்தான். தோட்டத்து லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா என்ற ஒற்றை அறையில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த வீட்டின் நெருக்கத்தை விளக்க வேண்டியதில்லை. விளக்க வேண்டியது சத்தம் போட முடியாத பயத்தை. அவனே அதைப் பிரித்துச் சொல்லிவிட்டான்.

பெப்ரவரி 11

"நாட்குறிப்பு என்றாலே உண்மை, சுயசரிதை என்றாலே பூச்சு" என்று மேலே ஒருவர் போட்டிருப்பதை ஏற்க மாட்டேன். நாட்குறிப்பு எழுதுகிறவருக்கும் கோபம் உண்டு, எதிரி உண்டு, மறைக்க வேண்டியது உண்டு. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையை எடுங்கள். 1736இல் தொடங்கி, 1761இல் சாகிற காலம் வரை எழுதியவர், பிரெஞ்சு கவர்னர் டியூப்ளேயின் துபாஷி, அதாவது அவருக்காக மொழிபெயர்த்துப் பேசுகிறவர். கப்பல் வந்தது, துணி விலை, யார் யாருக்கு என்ன கொடுத்தார், கெட்ட சகுனம், எல்லாம் அன்றைய பேச்சுத் தமிழில். ஆனால் டியூப்ளேயின் மனைவியைப் பற்றி அவர் எழுதுகிற இடங்களை வாசித்தால் அந்த அம்மா மேல் இருந்த வெறுப்பு பக்கத்துக்குப் பக்கம் தெரியும். 1748இல் வேதபுரீஸ்வரர் கோயில் இடிபட்டதை எழுதும்போது அந்த வெறுப்பும் துக்கமும் சேர்ந்தே வருகின்றன. அந்த அம்மா ஒரு நாட்குறிப்பு எழுதியிருந்தால் பிள்ளையவர்களைப் பற்றி என்ன இருந்திருக்கும்? இந்தக் கேள்வியை வைத்தே ஒரு ஞாயிறு ஓடிவிடும்.

பெப்ரவரி 18

உ.வே.சா. பற்றிக் கேட்டவருக்கு. ஆமாம், கொடுக்கலாம், ஆனால் முழுப் புத்தகத்தையும் தூக்கிக் கொடுத்தால் பிள்ளை பத்தாம் பக்கத்தில் ஓடிவிடும். 'என் சரித்திரம்' 1940 முதல் ஆனந்த விகடனில் வாராவாரம் வந்த தொடர். 1942இல் அவர் காலமானதால் பாதியில் நின்றது. அதனால் அத்தியாயங்கள் சின்னவை, ஒரு அத்தியாயத்தைத் தனியாக எடுக்கலாம். 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் அவரைப் பார்த்து என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்க, இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று அடுக்க, அவர் எதற்கும் அசையாமல் சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்கிற இடம் போதும். அடுக்கிக்கொண்டே போகிறவரின் உற்சாகம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதை அவரே எழுதுகிறார். உயர்தரப் பிள்ளை ஒருவன் அதை வாசித்துவிட்டு, நேர்முகப் பரீட்சை மாதிரி இருக்கிறது என்றான்.

இதற்கும் சோடி உண்டு. தன் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை இவர்தான் முதலில் எழுதினார், 1930களில். தன்னுடையது அப்புறம். ஆசிரியர் மாணவர் இருவரும் சேர்ந்து இருந்த வருடங்கள் இரண்டு புத்தகத்திலும் வருகின்றன. ஒன்றில் ஆசிரியர் நடுவில் நிற்கிறார், எழுதுகிறவர் ஓரத்தில் நிற்கிற மாணவர். மற்றதில் எழுதுகிறவரே நடுவில். ஆனால் இதைத் தரம் 10க்குக் கொடுக்காதீர்கள், உயர்தரத்தில் தமிழ் எடுத்த பிள்ளைகள் இருந்தால் மட்டும்.

மார்ச் 3

இப்போது வந்திருக்கிற கேள்வி எனக்கு முக்கியமானது. "யூதச் சிறுமி, வெள்ளைக்காரத் துரை, புதுச்சேரி துபாஷி எல்லாம் சரி, எங்கள் மலையகத் தோட்டத்து ஆள் யார்?" எங்கள் வட்டத்திலும் இதே கேள்வி வந்தது, மூன்றாவது ஞாயிறே வந்தது.

இருக்கிறார்கள். கோ. நடேசய்யரைப் பற்றிச் சாரல் நாடன் எழுதிய 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து வந்து பத்திரிகை நடத்தி, 1931இல் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்து, 1936இல் ஹட்டனிலிருந்து அரசாங்க சபைக்குப் போனவர். வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலத்தில் புடவை வியாபாரி மாதிரி உள்ளே போய் ஆட்களிடம் பேசினார் என்று சொல்வார்கள். பிள்ளைகளுக்கு அந்த இடம்தான் பிடிக்கும். நான் அங்கே நிறுத்திக் கேட்பேன்: இதை யார் பார்த்தார்கள், யார் சொல்லி யார் எழுதியது? கதையைக் கெடுப்பதற்காகக் கேட்கவில்லை. ஒரு வாழ்க்கை வரலாற்றில் ஒவ்வொரு வரியும் எங்கிருந்தோ வந்திருக்கிறது, அந்த இடத்தைத் தேடுகிற பழக்கம் வர வேண்டும்.

அவர் மனைவி மீனாட்சியம்மாளைப் பற்றியும் வாசியுங்கள். கூட்டங்களில் பாட்டுப் பாடித்தான் ஆட்களைச் சேர்த்தார், அந்தப் பாட்டுகளை அவரே எழுதினார். அவருடைய வாழ்க்கையைத் தேடினால் பெரும்பாலும் நடேசய்யரைப் பற்றிய பக்கங்களுக்குள்தான் கிடைக்கிறது. எங்கள் வட்டத்துப் பெண் பிள்ளைகள் இரண்டு பேர் அந்த வரிகளை மட்டும் தனியாக எடுத்து எழுதிச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாலு பக்கம் வந்திருக்கிறது.

சி.வி. வேலுப்பிள்ளையை விட்டுவிடாதீர்கள். மடக்கொம்பரையில் பிறந்தவர், 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர். அவர் 1970இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'போர்ன் டு லேபர்' தோட்டத்து ஆட்களைப் பற்றிய சித்திரங்கள். தலைவருடைய வாழ்க்கை மட்டும்தான் வரலாறு என்று நினைக்கிற பிள்ளைக்குக் கங்காணியும் கொழுந்து எடுக்கிற பெண்ணும் புத்தகத்தில் வருவது பெரிய விஷயம். பழைய மலையகப் புத்தகங்களுக்கு 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள், போனிலேயே வாசிக்கலாம்.

காந்தியின் சுயசரிதை 'சத்திய சோதனை'யைக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். 1927 நவம்பரில் அவர் இங்கே வந்து ஹட்டன், பதுளை எல்லாம் போனார். அந்த நேரம் 'சத்திய சோதனை' நவஜீவனில் தொடராக வந்துகொண்டிருந்தது. ஆனால் அந்தக் கதை 1920களின் தொடக்கத்தோடு நின்றுவிடுகிறது, எங்கள் மலைக்கு அவர் வந்தது அதில் இல்லை. அதைக் கூட வந்த செயலாளர் மகாதேவ் தேசாய் எழுதிய பயணப் புத்தகத்தில்தான் பார்க்க வேண்டும். ஒருவர் வாழ்க்கையில் எங்கள் ஊர் வருகிற இடம் அவர் கையால் எழுதப்படாமல் இன்னொருவர் குறிப்பில் கிடக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட இது நல்ல உதாரணம்.

மார்ச் 4

நேற்று எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஜேம்ஸ் டெய்லர். 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டவர். ஸ்கொட்லாந்துக்கு வீட்டாருக்கு எழுதிய கடிதங்கள் பத்திரமாக இருக்கின்றன, அவற்றை வைத்துப் பெரிய ஆய்வு நூலே வந்திருக்கிறது. கல்லறை கண்டி மகியாவையில். பெயர், தேதி எல்லாம் கல்லில் இருக்கிறது. அவரோடு அந்த 19 ஏக்கரை வெட்டித் திருத்தியவர்களுக்குப் பாட்டனார் பெயர் தெரிந்த பேரன் எத்தனை பேர் இன்றைக்கு இருப்பார்கள்? 2023இல் மலையகம் 200 என்று, எங்கள் ஆட்கள் இந்தியாவிலிருந்து வந்த 200 வருடத்தை நினைத்து, அவர்கள் நடந்து வந்த பாதையில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, எங்கள் பிள்ளைகள் சிலரும் கடைசிப் பகுதியில் சேர்ந்து நடந்தார்கள். அந்தப் பாதையில் செத்தவர்களில் ஒருவருடைய பெயரையாவது சொல்லுங்கள் சேர் என்று கேட்டுக்கொண்டே நடந்தார்கள். என்னால் சொல்ல முடியவில்லை.

மார்ச் 6

பிள்ளைகளை நாட்குறிப்பு எழுத வைத்து வட்டத்தில் வாசிக்கச் சொல்லலாமா? வேண்டாம். எழுதச் சொல்லுங்கள், வாசிக்கச் சொல்லாதீர்கள், கேட்டு வாங்கவும் வாங்காதீர்கள், புள்ளி போடவே போடாதீர்கள். நான் படித்த காலத்தில் என் வகுப்பில் ஒரு பிள்ளையின் நாட்குறிப்பை எடுத்து எல்லோர் முன்னாலும் வாசித்தார்கள். வீட்டில் அப்பா குடித்துவிட்டு வந்த ராத்திரி அதில் இருந்தது. அந்தப் பிள்ளை அடுத்த தவணை பாடசாலைக்கு வரவில்லை. இதற்கு மேல் இதில் வாதாட எனக்கு விருப்பம் இல்லை.

மார்ச் 17

இது நீளமாக வரும்.

எங்கள் ஆட்களின் தாள்களை வீட்டில் தேடுங்கள் என்று சொல்லியிருந்தேன். பிரஜாவுரிமைச் சான்றிதழ், பழைய பாஸ்போர்ட், கலியாணப் பத்திரிகை, இந்தியாவுக்குப் போனவர்களை முதலில் தங்கவைத்த தமிழ்நாட்டு மண்டபம் காம்பிலிருந்து வந்த கடிதம் என்று வந்தன. ஒரு பிள்ளை, உயர்தரம் படிக்கிறவள், கணக்கப்பிள்ளையாக இருந்து காலமான தன் தாத்தாவின் சட்டைப்பைச் செக்ரோலைக் கொண்டுவந்தாள், யார் அன்றைக்கு வேலைக்கு வந்தார் என்று தினமும் பதிகிற புத்தகம். 1974ஆம் வருடத்தது. ஒடுங்கலாக, நீளமாக, கறுப்பு அட்டை, வியர்வை பட்டு ஓரம் சுருண்டு போயிருக்கிறது. இடது பக்கம் பெயர்கள், எதிரே தேதிக் கட்டங்கள். ஊதாவாக எழுதும் பென்சிலால் முழுப் பேருக்கு, அதாவது முழு நாள் சம்பளத்துக்கு, ஒரு கோடு, அரைப் பேருக்குப் பாதிக் கோடு, கொழுந்துக்கு இறாத்தல் கணக்கு. கீழே ஒரு வரியில் மழை. ஒரு பக்கத்தின் ஓரத்தில் "உரம் 12 மூட்டை", அதற்கு அடுத்த வரியில் "ஆண் பிள்ளை, காலை 4.10", அதற்கு அடுத்த வரியில் "மம்பட்டி 3 பழுது". அந்த ஆண் பிள்ளை அவளுடைய மாமா. தாத்தா தன்னைப் பற்றி எழுதியது புத்தகம் முழுக்க அந்த ஒரு வரிதான். ஒவ்வொரு பிள்ளையும் வாங்கி அந்த வரியைப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தது.

அதே ஞாயிறு ஒரு பெரியவரையும் கூப்பிட்டிருந்தோம், அதே தோட்டத்தில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியவர். அண்ணன் குடும்பம் ஊருக்குப் போன நாளைப் பற்றிச் சொன்னார். 1964 ஒப்பந்தத்தில் ஐந்தே கால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு எடுப்பது, மூன்று இலட்சம் பேருக்கு இங்கே பிரஜாவுரிமை என்று எழுதினார்களே, அதில் அண்ணன் அங்கே, தம்பி இங்கே. ஹட்டன் ஸ்டேஷனில் அழுகைக் கோச்சி, அதாவது இந்தியா போகிறவர்களின் ரயில், ஏற்றிவிட்டது, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணி விடவே இல்லை, மழை கொட்டு கொட்டென்று கொட்டியது, எல்லாம் சொன்னார். சொல்லும்போது குரல் மாறவில்லை, கைதான் வேட்டி ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே இருந்தது.

அவர் போன பிறகு ஒரு பையன் பிடித்துவிட்டான். அண்ணன் மண்டபம் காம்பிலிருந்து போட்ட முதல் கடிதத்தில் கோச்சி ஏறிய தேதி இருக்கிறது. செக்ரோலில் அந்தத் தேதியைப் பார்த்தால் பெரியவர் பெயருக்கு நேரே முழுப் பேர். மழை என்ற இடம் வெறுமை. "பெரியவர் பொய் சொல்றாரு சேர். அன்னிக்கு இவரு மலையில வேலை செஞ்சிருக்காரு." மண்டபம் முழுக்க ஒரே சந்தோஷம், கள்ளனைப் பிடித்த மாதிரி.

எனக்கு அந்தச் சந்தோஷம் பிடிக்கவில்லை. இரண்டு தாளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்று இத்தனை கிழமை சொல்லிக்கொடுத்தது ஆளைப் பிடிப்பதற்காக இல்லை. வுல்ப் விஷயத்தில் யாரும் அவரைப் பொய்யர் என்று சொல்லவில்லையே, ஏன் அப்படி எழுதினார் என்றுதானே கேட்டோம். துரைக்குக் கொடுத்த மரியாதையைப் பெரியவருக்குக் கொடுக்க மாட்டோமா? இதைக் கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். அடங்கிவிட்டார்கள்.

மழையைப் பற்றிப் பின் வரிசையிலிருந்து ஒரு பிள்ளை சொன்னாள்: "எங்க மலையில வெயில் அடிக்கும், ஹட்டன்ல கொட்டும். இது தெரியாதா?" அது தெரிந்த விஷயம்தான். முழுப் பேர்தான் மிச்சம்.

மார்ச் 24, போயா

பெரியவர் வீட்டுக்கு இரண்டு பிள்ளைகளோடு போனேன். செக்ரோலைக் காட்டவில்லை. அன்றைக்கு வேலைக்குப் போகாதபடியால் பேர் போயிருக்குமே என்று மட்டும் கேட்டோம். அவர் சொன்னதை ஒரு பிள்ளை அப்படியே எழுதிக்கொண்டது:

"பேரு போகல தம்பி. காலையில பேரு கூப்பிடுற பிரட்டுக்கு வந்து நின்னேன். கணக்கப்புள்ள ஐயா கிட்ட வந்து மெதுவா, 'அண்ணன ஏத்திவிட்டுட்டு வா, பேரு நான் பாத்துக்கிறேன்'னாரு. அந்த வருசம் மாவு கெடையாது, அரிசி கெடையாது. ஒரு பேரு போனா வீட்டுல அடுப்பு எரியாது. தொரைக்குத் தெரிஞ்சிருந்தா ஐயா வேலை போயிருக்கும். இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் சொன்னதில்ல."

1973, 74இல் தோட்டங்களில் இருந்த பஞ்சத்தைப் பற்றிப் புத்தகத்தில் வாசித்திருக்கிறேன், ஆட்கள் பட்டினியில் செத்த காலம். அந்த வருடத்தில் கட்டத்துக்குள் போட்ட ஒரு பென்சில் கோடு எவ்வளவு பெரியது என்று அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு விளங்கியது. வாயால் சொன்னது சரி, தாளில் இருந்ததுதான் நடக்காதது. பொய் சொல்கிறார் என்று சொன்ன பையனும் கூட வந்திருந்தான். பெரியவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான். ஏன் என்று பெரியவருக்குத் தெரியாது, நல்லா இரு என்று சொல்லித் தேத்தண்ணி கொடுத்தார்.

மார்ச் 25

மேலே ஒருவர் கேட்கிறார், அப்படியென்றால் எழுத்துச் சான்றை நம்பக் கூடாதா என்று. நம்பலாம். அந்தச் செக்ரோல் இல்லாவிட்டால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது, கேள்வி எழாவிட்டால் பெரியவர் இதைச் சொல்லியிருக்கவும் மாட்டார். பொய்யான அந்தக் கோட்டுக்குத்தான் நாங்கள் நன்றி சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 1

எழுதுவதா வேண்டாமா என்று இப்போது பெரிய வாதம்.

பிள்ளைகள் பெரியவரைப் பற்றியும் கணக்கப்பிள்ளையைப் பற்றியும் சேர்த்து ஒரு சிறு வாழ்க்கை வரலாறு எழுதி முடித்துவிட்டார்கள், இருபது பக்கம் போல. வட்டத்தின் கையெழுத்துச் சஞ்சிகையில் போடலாம் என்று திட்டம். செக்ரோலைக் கொண்டுவந்த பிள்ளை, "தாத்தாவோட பெரிய காரியம் இதுதான், கட்டாயம் வரணும்" என்கிறாள். அவள் அம்மா வேண்டாம் என்கிறார். அவரோடு கதைத்தேன். "ஐயா கணக்கில ஒரு சதம் பிசகாதவர்னுதான் இந்தத் தோட்டமே சொல்லும் சேர். அப்பாயி சாகும்வரை அதைச் சொல்லித்தான் எங்களை வளர்த்தாங்க. இப்ப கள்ளப் பேரு போட்டவர்னு எழுதணுமா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? எனக்கும் பிள்ளையின் பக்கம்தான் மனம் சாய்கிறது. கணக்கில் பிசகாத ஒருவர் அன்றைக்கு ஒரு நாள் பிசகினார் என்பதால்தான் அது பெரிய காரியம். ஆனால் அந்த அம்மா சொல்வதையும் தள்ள முடியாது. தகப்பனின் பெயர் அவருடையது, ஊரில் இருந்து அந்தப் பெயரைச் சுமக்கிறவர் அவர். வாழ்க்கை வரலாறு எழுதிய எல்லோரும் இந்த இடத்துக்கு வந்திருப்பார்கள், ஆன் பிராங்கின் தகப்பனும் வந்தார். மகள் தாயைப் பற்றிக் கடுமையாக எழுதியிருந்த சில பகுதிகளை அவர் முதல் பதிப்பில் விட்டுவிட்டார். அப்போது எங்கள் பிள்ளைகள் அவர்மேல் கோபப்பட்டார்கள். இப்போது அதே பிள்ளைகள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பெயரை மாற்றிவிடலாம் என்று இரண்டு பேர் யோசனை எழுதியிருக்கிறீர்கள். ஒரு தோட்டத்தில் பெயரை மாற்றினால் என்ன, எந்த வருடம் யார் கணக்கப்பிள்ளை என்று எல்லோருக்கும் தெரியுமே.

ஏப்ரல் 8

நேற்று நடந்தது இது. பிள்ளைகள் அந்த அம்மா வீட்டுக்குப் போய் இருபது பக்கத்தையும் அவருக்கு வாசித்துக் காட்டினார்கள், பெரியவரும் வந்திருந்தார். கோடு போட்ட இடம் வந்தபோது அந்த அம்மா நிறுத்தச் சொல்லவில்லை. முடிந்ததும் பெரியவரைப் பார்த்து, "மாமா, அந்த நாள் பேரு காசு எவ்வளவு?" என்றார். அவருக்கு ஞாபகம் இல்லை. ஆனால் அந்தக் காசில் மாவு வாங்கினோம் என்றார்.

அம்மா இன்னும் சம்மதம் சொல்லவில்லை. சித்திரை வருடப் பிறப்புக்கு அண்ணன் தம்பி எல்லோரும் வீட்டுக்கு வருவார்கள், அவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அதுவரை அந்தக் கோட்டைப் பற்றிய இரண்டு பக்கமும் பிள்ளையின் கொப்பியில் இருக்கும், சஞ்சிகைக்குப் போகாது. வேண்டாம் என்றால் வேண்டாம், பிள்ளைகளும் ஒத்துக்கொண்டார்கள்.

பதுளை டீச்சர், நீங்கள் கேட்ட வுல்ப் பக்கங்களை வருடப் பிறப்பு லீவுக்குப் பிறகு அனுப்புகிறேன். தமிழில் எழுதிய கொப்பியை ஒரு பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறது. உங்கள் வட்டத்துப் பையனிடம் முதலில் நாட்குறிப்பைக் கொடுங்கள், சுயசரிதையை அடுத்த கிழமை கொடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் கொடுத்துவிடாதீர்கள்.